பிஎச்டி எழுத்து: "இதில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று திரும்பி வரும் அத்தியாயம்

கிணற்றடி

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு பகுதிநேரமாகப் பிஎச்டி செய்கிறேன். குடாநாட்டுத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று (உரத்திலும் கழிவிலும் இருந்து தண்ணீரில் கரைந்து வரும் நைதரசன் சேர்மம்) கூடுவது, கமக்காரர் எவ்வளவு உரம் போடுவது என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள், இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் என் ஆய்வு. களவேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீர் எடுத்தாயிற்று, கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் பேசியாயிற்று.

சிக்கல் எழுத்தில்தான். இலக்கிய மீளாய்வு அத்தியாயத்தை, அதாவது முந்தைய ஆய்வுகளை மதிப்பிடும் அத்தியாயத்தைக் கொடுக்கும்போதெல்லாம் மேற்பார்வையாளர் ஓரத்தில் ஒரே கேள்வியை எழுதித் திருப்பித் தருகிறார்: "மற்றவர்கள் சொன்னது எல்லாம் இருக்கிறது, இதில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுத வேண்டும், நான் உயர்தரம் வரை தமிழில் படித்தவன். ஆங்கில வகுப்பு ஒன்றுக்குப் போகலாமா, காசு கொடுத்து யாரிடமாவது திருத்தலாமா என்று யோசிக்கிறேன். இதைக் கடந்து வந்தவர்கள் எப்படி எழுதப் பழகினீர்கள் என்று சொல்லுங்கள்.

முனைக்காற்று

தம்பி, காசு கொடுத்துத் திருத்துவதை இப்போதைக்கு விடுங்கள். அவர் இலக்கணத்தைச் சரிபார்ப்பார், வாக்கியத்தை வடிவாக்குவார், ஆனால் உங்கள் மேற்பார்வையாளர் கேட்ட கேள்விக்கு அவரால் பதில் எழுத முடியாது. அந்த ஓரக் குறிப்பைத் திரும்ப வாசியுங்கள், அதில் ஆங்கிலம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இன்று இரவே ஒரு வேலை செய்து பாருங்கள். அத்தியாயத்தில் உள்ள ஒவ்வொரு பந்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்து ஒரு தனிப் பக்கத்தில் வரிசையாக ஒட்டுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம். பிறகு அந்தப் பக்கத்தை மட்டும் வாசியுங்கள். ஒவ்வொரு வரியும் ஓர் ஆசிரியரின் பெயரிலும் ஆண்டிலும் தொடங்குகிறது என்றால் நீங்கள் எழுதியிருப்பது பட்டியல். அந்த வரிகள் ஒன்றிலிருந்து இன்னொன்று பிறந்து ஒரு வாதமாக நகர்ந்தால்தான் அது மீளாய்வு. நான் மேற்பார்வை செய்யும் பிள்ளைகளிடம் முதலில் கேட்பது இந்த ஒரு பக்கத்தைத்தான், முழு அத்தியாயத்தையும் பிறகுதான் வாசிப்பேன்.

உங்கள் தலைப்பை வைத்தே ஒரு மாதிரி காட்டுகிறேன். இப்போது உங்கள் பந்திகள் இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன்: இன்னார் இந்த ஆண்டில் இத்தனை கிணறுகளை அளந்தார், இந்த அளவு கண்டார். அடுத்த பந்தியில் இன்னொருவர், இன்னோர் ஆண்டு, இன்னோர் அளவு. இதை இப்படி மாற்றிப் பாருங்கள்:

"குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று அதிகம் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வேறுபடுகிறார்கள். ஒரு சாரார் தோட்ட உரத்தைக் காட்டுகிறார்கள், மற்றவர்கள் நெருக்கமான குடியிருப்புகளின் மலசலகூடக் குழிகளைச் சேர்த்துப் பேசுகிறார்கள். இரு சாராரும் தண்ணீரை அளந்தார்கள், உரம் போடுகிறவரிடம் ஏன் இவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்கவில்லை."

இது மாதிரிக்கு எழுதியது, நீங்கள் வாசித்த கட்டுரைகள் உண்மையில் இப்படித்தான் பிரிகின்றனவா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். நான் காட்ட வந்தது அமைப்பை. ஆசிரியர் பெயர்கள் எல்லாம் வாக்கியத்தின் கடைசியில் அடைப்புக்குள் போய்விடுகின்றன, வாக்கியத்தின் எழுவாய் பிரச்சினையாக மாறுகிறது. கடைசி வாக்கியத்தில் நீங்கள் வந்து நிற்கிறீர்கள்.

ஜோன் சுவேல்ஸ் என்ற மொழியியலாளர் 1990இல் ஆய்வுக் கட்டுரை முன்னுரைகள் எப்படி நகர்கின்றன என்று மூன்று படியாகக் காட்டினார். முதலில் இந்த விடயம் ஏன் முக்கியம் என்று நிலத்தைக் காட்டுவது, அடுத்து அந்த நிலத்தில் யாரும் இன்னும் தொடாத இடத்தைக் காட்டுவது, அதன்பின் அந்த இடத்தைத் தன் ஆய்வால் நிரப்புவது. நீங்கள் முதற்படியிலேயே அத்தியாயம் முழுவதையும் செலவழித்துவிட்டீர்கள் போல இருக்கிறது.

கிணற்றடி

முனைக்காற்று அக்கா, செய்து பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்கப் பெயரும் ஆண்டும்தான். இப்போது அவர் கேட்டது விளங்குகிறது.

ஆனால் ஒரு தயக்கம். நான் மேற்கோள் காட்டுகிறவர்களில் சிலர் எனக்குப் படிப்பித்தவர்கள். நாளைக்கு என் ஆய்வேட்டை வாசிக்கப்போகிறவர்களும் அவர்களாக இருக்கலாம். "இவர்கள் இதைக் கேட்கவில்லை" என்று நான் எழுதுவது சரியா?

சங்கிலித்தோப்பு

இந்தத் தயக்கம்தான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். நான் தமிழிலேயே ஆய்வேடு எழுதியவன், வரலாற்றுத் துறை. மொழி எனக்குத் தடையே இல்லை, அப்படியிருந்தும் கிணற்றடிக்கு வந்த அதே குறிப்பு எனக்கும் வந்தது. அதனால் இதை ஆங்கிலத்தின் தலையில் போட நான் சம்மதிக்க மாட்டேன்.

நாங்கள் படித்த முறையைப் பாருங்கள். ரியூசனில் குறிப்புச் சொல்லுவார்கள், எழுதுவோம். கடந்தகால வினாத்தாளுக்கு மாதிரி விடை தருவார்கள், பாடமாக்குவோம். சொன்னதைச் சொன்னபடி ஒப்புவித்தவருக்குப் புள்ளி கிடைக்கும். பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகும் பழைய பிள்ளைகளின் குறிப்புக் கொப்பிதான் கைமாறும். இத்தனை வருடம் மற்றவர் சொன்னதை ஒழுங்காகத் திருப்பிச் சொல்லிப் பழகிய ஒருவரிடம் திடீரென்று "நீ என்ன சொல்கிறாய்" என்று கேட்டால் அவர் எங்கே போவார்? திறமை இல்லை என்று இல்லை, அந்தக் கேள்வியை யாரும் அதற்கு முன் கேட்கவில்லை.

மரியாதைக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். இலக்கிய விமர்சகர் க. கைலாசபதி பேர்மிங்காமில் கிரேக்க இலக்கிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் செய்த ஆய்வேட்டை ஒரே வரியில் சொல்லலாம்: சங்கப் பாடல்கள் பாணர் மரபில் வாய்மொழியாகப் பிறந்த வீரயுகப் பாடல்கள். அதைப் பிறகு வந்தவர்கள் மறுத்தார்கள், இன்றும் அதைப் பற்றி வாதாடுகிறார்கள். ஒரு வரியில் சொல்லக்கூடிய, மறுக்கவும் கூடிய கருத்து இருந்தபடியால்தான் அது பேசப்படுகிறது.

வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலாவின் கதை இன்னும் பொருத்தம். இலங்கையில் திராவிடக் குடியேற்றங்களையும் யாழ்ப்பாண அரசின் தோற்றத்தையும் பற்றி 1965இல் லண்டனில் ஆய்வேடு கொடுத்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2005இல் வெளியிட்ட நூலில் அந்தப் பழைய முடிவுகளைப் புதிய தொல்லியல் சான்றுகளோடு வைத்து மாற்றி எழுதினார். தன்னையே திருத்தியவர் மற்றவர் திருத்துவதை அவமதிப்பு என்று நினைப்பாரா? உங்களுக்குப் படிப்பித்தவர் எந்தச் சான்றை வைத்துப் பேசினார், அந்தச் சான்று எவ்வளவு தூரம் போகும் என்று காட்டுங்கள். அவரைக் கவனமாக வாசித்த ஒருவர்தான் அப்படி எழுத முடியும்.

இன்னொன்று, தமிழில் எழுதுகிறவர்களுக்காக. "எனலாம்", "காணப்படுகின்றது", "குறிப்பிடத்தக்கது" என்று முடியும் வாக்கியங்களை ஒரு தடவை தேடிப் பாருங்கள். யார் கண்டது, ஏன் குறிப்பிடத்தக்கது என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை என்றால் அதைத் திரும்ப எழுத வேண்டும். எனக்கு இதுவே பெரிய பயிற்சியாக இருந்தது.

தாவடிச்சந்தி

சங்கிலித்தோப்பு சொல்வதை ஏற்கிறேன், ஆனால் விஞ்ஞானப் பக்கத்தில் ஒரு மாறுபட்ட கருத்து இருக்கிறது. கிணற்றடி இப்போது மீளாய்வோடு மல்லுக்கட்டுவதே பிழையான ஒழுங்கு. நாங்கள் முதலில் அட்டவணைகளையும் வரைபடங்களையும் செய்வோம். அவற்றை மேசையில் பரப்பி, எது முதலில் வந்தால் கதை விளங்கும் என்று அடுக்குவோம். பிறகு பெறுபேறுகள், அதன்பின் கலந்துரையாடல், கடைசியில்தான் முன்னுரையும் மீளாய்வும். ஆய்வு முறையியலை மட்டும் வேலை நடக்கும்போதே எழுதிவிட வேண்டும், போத்தலை எப்படிக் கழுவினோம், மாதிரியை எத்தனை மணித்தியாலத்துக்குள் பரிசோதித்தோம் என்பதெல்லாம் இரண்டு வருடம் போனால் மறந்துபோகும்.

உங்கள் பெறுபேறு என்ன என்று தெரிந்தால்தான் பழைய ஆய்வுகளில் எந்த இடைவெளி உங்களுடையது என்று தெரியும்.

அடுத்தது, ஒரு கருத்தை எவ்வளவு பலமாகச் சொல்லலாம் என்பது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார்கள், அந்த வருடம் நவம்பரில் விலக்கினார்கள். உங்கள் அளவீடுகள் அந்தக் காலத்தைத் தொட்டால், "உரம் நின்றது, நைத்திரேற்று குறைந்தது, ஆகவே உரம்தான் காரணம்" என்று எழுத ஆசை வரும். அப்படி எழுத வேண்டாம். அந்த வருட மழை எப்படி, சுண்ணக்கல்லுக்குள் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது, கமக்காரர் கையில் பழைய இருப்பு இருந்ததா, இவை எல்லாம் குறுக்கே வரும். "அளவு குறைந்தது" என்பது பெறுபேறு. "உரக் குறைவோடு பொருந்திப் போகிறது" என்பது கலந்துரையாடல். "உரம்தான் காரணம்" என்று சொல்ல வேறு சான்று வேண்டும். இந்த மூன்று படியையும் கலந்து எழுதுவதைத்தான் பரீட்சகர்கள் முதலில் பிடிப்பார்கள்.

முனைக்காற்று

தாவடிச்சந்தி அண்ணை, ஒழுங்கில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. இவருடைய ஆய்வில் பாதி தண்ணீர், பாதி மனிதர். தோட்டக்காரரோடு பேசிய பதிவுகளை அட்டவணையாக அடுக்கினால் கதை வராது. எழுத எழுதத்தான் என்ன கிடைத்திருக்கிறது என்றே தெரியவரும். மீளாய்வைக் கடைசிக்கு விட்டால் வாசித்ததெல்லாம் சுருக்கக் குறிப்பாகவே கிடக்கும். கரடுமுரடாக இப்போதே ஒன்று எழுதட்டும், பெறுபேறு வந்த பிறகு பாதியை வெட்டட்டும்.

தாவடிச்சந்தி

வெட்டத் தயார் என்றால் சரி. எழுதியதை வெட்ட மனம் வராமல் ஆய்வேடு வீங்கிப்போவதைக் கனக்கக் கண்டிருக்கிறேன்.

மானிப்பாய் ரீச்சர்

வேலை, வீடு, பிள்ளைகள் என்று இருந்துகொண்டு எழுதுகிறவர்களுக்காக ஒரு சொல். நீண்ட லீவு வரட்டும், ஒரேயடியாக எழுதுவோம் என்று காத்திருக்க வேண்டாம். அந்த லீவு வரும்போது வீட்டில் விசேசமும் வரும். நான் பிள்ளைகள் எழும்புவதற்கு முன் விடியற்காலையில் கொஞ்ச நேரம் எழுதுகிறேன். நிறுத்தும்போது அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று ஒரு வரி கீழே போட்டுவிடுவேன், அடுத்த நாள் வெறும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. வாசிப்பதையும் எழுதுவதையும் ஒரே இருப்பில் செய்ய மாட்டேன். எழுதும்போது ஒரு தரவு தேவைப்பட்டால் அந்த இடத்தில் சிவப்பில் குறி போட்டுவிட்டுத் தாண்டிப் போவேன், தேடப்போனால் அந்த நேரமே போய்விடும்.

எங்களுக்கு ஒரு சிறிய வட்ஸ்அப் குழு இருக்கிறது, வெவ்வேறு துறைக்காரர். சனிக்கிழமைகளில் ஆளுக்கு ஒரு பக்கம் போடுவோம். வாசிக்கிறவர் மொழி திருத்தக்கூடாது, பாராட்டவும் வேண்டாம், எந்த இடத்தில் தனக்கு வழி தவறியது என்று மட்டும் சொல்ல வேண்டும். வேறு துறைக்காரர் வாசிப்பதில்தான் பலன். நான் கல்வியியல், என் பக்கத்தை ஒரு பொறியியல்காரர் வாசிக்கும்போது நான் விளக்காமல் தாண்டிய இடம் எல்லாம் வெளியே வரும்.

மேற்பார்வையாளருக்கு அனுப்பும்போதும் "பார்த்துச் சொல்லுங்கள் சேர்" என்று முழு அத்தியாயத்தை அனுப்ப வேண்டாம். "மூன்றாம் பகுதியில் நான் சொல்லும் இடைவெளி உண்மையில் இடைவெளிதானா?" என்று குறிப்பாகக் கேளுங்கள், குறிப்பான பதில் வரும். சந்திப்பு முடிந்ததும் என்ன பேசினோம், என்ன ஒப்புக்கொண்டோம் என்று சுருக்கமாக அவருக்கே மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு பேருக்கும் உதவும்.

இணுவில்_22

குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். இதெல்லாம் இவ்வளவு கஷ்டம் என்றால் கட்டுரைகளை சாட்ஜிபிடிக்குக் கொடுத்து மீளாய்வு எழுதச் சொல்லலாம்தானே? இப்போது பலர் செய்கிறார்கள்.

சங்கிலித்தோப்பு

செய்கிறார்கள், தெரியும். இரண்டு காரணத்துக்காக வேண்டாம் என்கிறேன். ஒன்று, அது சிலவேளை இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் உருவாக்கித் தரும், பார்த்தால் உண்மை போலவே இருக்கும். யாழ்ப்பாணம் பற்றிய பழைய கட்டுரைகளில் கனக்க இணையத்தில் முழுமையாக இல்லை, அதனால் எங்கள் விடயங்களில் இது இன்னும் மோசம். மற்றது முக்கியமானது. எந்த ஆய்வு எதோடு முரண்படுகிறது என்று நீங்கள் உட்கார்ந்து பிரித்து எழுதும் அந்த வேலைதான் உங்களை ஆய்வாளர் ஆக்குகிறது. அதைக் கொடுத்துவிட்டால் வாய்மொழித் தேர்வில் "ஏன் இவர்களை ஒரு சாரார் என்று சேர்த்தீர்கள்" என்று கேட்கும்போது உங்களிடம் பதில் இருக்காது.

முனைக்காற்று

நீங்களே எழுதிய பந்தியில் ஆங்கில இலக்கணம் பார்க்கப் பாவிப்பது வேறு. அதற்கும் உங்கள் பல்கலைக்கழக விதியில் என்ன இருக்கிறது என்று பார்த்து, பாவித்தால் பாவித்தேன் என்று எழுதிவிடுங்கள்.

பழைய பரீட்சகர்

இழையை முழுவதும் வாசித்தேன், நல்ல விடயங்கள் பேசியிருக்கிறீர்கள். மேசையின் மறுபக்கம் இருந்து ஆய்வேடுகளை வாசித்தவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன்.

2002இல் முலின்ஸ், கைலி என்ற இரு ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியாவில் அனுபவமுள்ள 30 பரீட்சகர்களைப் பேட்டி கண்டு எழுதினார்கள். பரீட்சகர்கள் ஆய்வேட்டைக் கையில் எடுக்கும்போது அது தேற வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் எடுக்கிறார்கள் என்பது அதில் ஒரு முடிவு. இரண்டாம் மூன்றாம் அத்தியாயத்துக்குள், அதாவது பெரும்பாலும் மீளாய்வு முடியும் முன்னரே, இது எப்படிப்பட்ட ஆய்வேடு என்று அவர்களுக்கு ஓர் எண்ணம் உருவாகிவிடுகிறது என்பது இன்னொன்று. கவனக்குறைவான வேலை அவர்களைச் சலிக்கவைக்கிறது, அதைப் பார்த்ததும் மற்ற இடங்களையும் சந்தேகத்தோடு வாசிக்கத் தொடங்குகிறார்கள். என் அனுபவமும் இதேதான்.

நான் வாசிக்கும் முறை இது. முதலில் சுருக்கம், பிறகு பொருளடக்கம், பிறகு நேரே முடிவுரை, அங்கிருந்து உசாத்துணைப் பட்டியல். முன்னுரையில் எழுப்பிய கேள்விக்கு முடிவுரையில் பதில் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். மூன்று கேள்வி கேட்டுவிட்டு நான்கு பதில் சொல்லும் ஆய்வேடுகள் வருகின்றன, ஒரு கேள்வியைப் பாதி வழியில் மறந்துவிட்ட ஆய்வேடுகளும் வருகின்றன.

உசாத்துணை பற்றி எங்களுக்கே உரிய ஒரு தலையிடி உண்டு. எங்கள் பெயரில் முன்னெழுத்து தகப்பன் பெயர், குடும்பப் பெயர் கிடையாது. ஒரே ஆசிரியரைத் தமிழ்க் கட்டுரைக்கு ஒரு விதமாகவும் ஆங்கிலக் கட்டுரைக்கு வேறு எழுத்துக்கூட்டலிலும் போட்டால் பட்டியலில் அவர் இரண்டு மூன்று ஆளாக நிற்பார். ஆரம்பத்திலேயே ஒரு முறையைத் தீர்மானித்துக் கடைசி வரை அதையே பின்பற்றுங்கள். உசாத்துணைகளைச் சேகரித்து ஒழுங்குபடுத்தும் சொட்டேரோ (Zotero) மென்பொருள் இலவசம், அதில் பெயரை இரண்டாகப் பிரிக்காமல் ஒரே கட்டத்தில் போடும் வசதியும் இருக்கிறது, எங்கள் பெயர்களுக்கு அது உதவும். பழைய பத்திரிகையை "நூலகம்" என்ற எண்ணிம ஆவண இணையத்தளத்தில் வாசித்தாலும் பத்திரிகையின் பெயர், திகதி, பக்கம் மூன்றையும் அந்த நேரமே குறித்துக்கொள்ளுங்கள், இணைய முகவரி மட்டும் போதாது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய குறிப்புகள் இருந்தால் இப்போதே யூனிகோடுக்கு மாற்றுங்கள், தேடவாவது முடியும்.

தம்பி கிணற்றடி கேட்ட தயக்கத்துக்கு: என் சொந்தக் கட்டுரையை மறுத்து எழுதிய ஆய்வேடு ஒன்று என்னிடமே பரீட்சைக்கு வந்தது. நான் எழுதும்போது என் கையில் இல்லாத தரவு அந்தப் பிள்ளையிடம் இருந்தது, அதை நிதானமாக வைத்திருந்தார். சந்தோசமாகத் தேறவைத்தேன்.

கிணற்றடி

பரீட்சகர் சேர், நீங்கள் எழுதியது பெரிய தைரியம் தருகிறது, நன்றி. எல்லாருடைய சொல்லையும் வைத்து ஒரு பந்தி திரும்ப எழுதினேன். ஆங்கிலத்தில் போட முன் தமிழில் எழுதிப் பார்த்தேன், நான் என்ன சொல்ல வருகிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெளிவானது. இதுதான்:

"குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை, குடிக்கவும் தோட்டத்துக்கும் சுண்ணக்கல்லில் தேங்கும் தண்ணீர்தான். இந்த நீரில் நைத்திரேற்று பாதுகாப்பான அளவைத் தாண்டியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. தீர்வாக உரத்தைக் குறைக்கும்படி அவை பரிந்துரைக்கின்றன. அந்தப் பரிந்துரை, கமக்காரர் தேவைக்கு மேல் உரம் இடுவது அறியாமையால் என்று எடுத்துக்கொள்கிறது. அவர்கள் உர அளவைத் தீர்மானிக்கும்போது விலை, கடன், சந்தை நிலை ஆகியவற்றையும் கணக்கில் எடுக்கிறார்கள் என்றும், அதனால் அறிவூட்டல் மட்டும் போதாது என்றும் இந்த ஆய்வு வாதிடுகிறது."

முனைக்காற்று

வந்துவிட்டது. நான்காவது வாக்கியம்தான் உங்கள் ஆய்வேடு. அந்த எடுகோளை எத்தனை கட்டுரை உண்மையில் எடுத்துக்கொள்கிறது என்று மட்டும் கவனமாக எண்ணுங்கள். எல்லாரும் அப்படிச் சொல்லவில்லை என்றால் "பெரும்பாலும்" என்று போடுங்கள், விதிவிலக்கானவர்களைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள்.

தாவடிச்சந்தி

நன்றாக இருக்கிறது, ஆனால் "பாதுகாப்பான அளவு" என்று விட்டுவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற வரம்பு நைத்திரேற்றாக அளந்தால். சில கட்டுரைகள் நைத்திரேற்று-நைதரசனாக, அதாவது அதில் உள்ள நைதரசனின் எடையை மட்டும் தரும், அமெரிக்க வரம்பான 10 மில்லிகிராம் அந்தக் கணக்கில்தான். 50ஐ அப்படி மாற்றினால் ஏறத்தாழ 11.3 வரும். பழைய ஆய்வுகளை ஒப்பிடும் அட்டவணையில் எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றிவிட்டுத்தான் யார் கூட, யார் குறைய என்று எழுத வேண்டும். மாற்றாமல் ஒப்பிட்டால் நான்கு மடங்குக்கு மேல் பிழைக்கும்.

கிணற்றடி

இரண்டு கட்டுரையில் அளவு மிகக் குறைவாக இருந்ததற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம், இன்றைக்கே பார்க்கிறேன் அண்ணை. அட்டவணையைத் திருத்திவிட்டு, இந்தப் பந்தியையும் முதல்வரிப் பக்கத்தையும் மட்டும் திங்கட்கிழமை மேற்பார்வையாளருக்கு அனுப்பப்போகிறேன், அறிவூட்டல் பற்றிய அந்த எடுகோள் நியாயமான விமர்சனமா என்ற ஒரு கேள்வியோடு.

மானிப்பாய் ரீச்சர்

தம்பி, சனிக்கிழமைக் குழுவில் ஓர் இடம் இருக்கிறது. தனிச்செய்தி போடுங்கள், சேர்த்துவிடுகிறேன். முதற்பக்கமாக இந்தப் பந்திக்கு அடுத்து வருவதைக் கொண்டுவாருங்கள்.